கள்ளக்குறிச்சி அருகே

பிற்பகல் மூன்று நாற்பது. சாமான் ஏற்றிய லாரிக்குப் பின்னால் எங்கள் கார் ஊருக்குள் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு ஃப்ளெக்ஸ். கூலிங் கிளாஸ் போட்ட ஒரு வயதுக் குழந்தை, அதன் காதணி விழா, சுற்றிலும் வட்டவட்டமாகப் பதினெட்டு மாமன்களின் முகங்கள். ஒரு மாமனின் முகம் இருந்த இடம் கிழிந்து, அந்த ஓட்டை வழியாகக் கல்வராயன் மலை தெரிந்தது.

என் கணவர் காரை நிறுத்தினார். "பாருங்க, மலை."

பின் சீட்டிலிருந்த இரண்டு மகள்களும் ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்பா, அந்தப் பாப்பாவுக்கு எதுக்குக் கூலிங் கிளாஸ்?" என்றாள் சின்னவள். அவளுக்கு ஏழு வயது. அவர் மறுபடி மலையைக் காட்டினார். மலையைப் பற்றிச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. பதினோரு வயது மூத்தவள் கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் மாவட்டச் செய்திகளைத் திருத்தும் மேசையில் பதினான்கு ஆண்டுகள் இருந்தவள் நான். 'கள்ளக்குறிச்சி அருகே' என்று தொடங்கும் செய்திகளை எத்தனை திருத்தினேன் என்று எனக்கே தெரியாது. கள்ளக்குறிச்சி அருகே பைக் மோதி, கள்ளக்குறிச்சி அருகே கிணற்றில் விழுந்து, கள்ளக்குறிச்சி அருகே மின்னல் தாக்கி. நான்கு வரி. இடம் கிடைக்காவிட்டால் மூன்று. 'அருகே' என்பது எந்த இடம் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. இப்போது அந்த 'அருகே'யில் குடியேறினோம்.

கணவரின் அப்பா விட்டுப்போன வீடும் மூன்று ஏக்கரும் அங்கே இருந்தன. மலை ரோட்டில், கோமுகி அணைக்கு முன்னால். நிலத்தை அவருடைய சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். கணவருக்கு மென்பொருள் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி சொன்ன ஒரே வாரத்தில், பிள்ளைகள் மண்ணில் வளர வேண்டும் என்று அவர் கண்டுபிடித்தார். அந்த வாக்கியத்தை அவர் சொல்லாத நண்பர் இல்லை. நண்பர்கள் எல்லாரும் பொறாமைப்படுவதாகச் சொன்னார்கள். ஒருவரும் தன் பிள்ளையை மண்ணில் வளர்க்கக் கிளம்பவில்லை. கள்ளக்குறிச்சி என்றதும் அவர்களுக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது, சாராயத்தைப் பற்றி. அதைக் கேட்டுவிட்டு, காற்று நன்றாக இருக்குமே என்றார்கள்.

நான் மறுக்கவில்லை. பத்திரிகையில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள், வீட்டிலிருந்து பக்கம் திருத்தித் தர ஒப்புக்கொண்டேன். கொள்கை எதுவும் இல்லை.

மூத்தவள் மறுத்தாள். அவளோடு அவர் ஓர் ஒப்பந்தம் போட்டார். முழு ஆண்டுப் பரீட்சை வரை பார்ப்பது. அதற்குள் பிடிக்காவிட்டால் வேளச்சேரியில் என் தங்கை வீட்டில் தங்கிப் பழைய பள்ளிக்கூடத்துக்கே போகலாம். அவள் அதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினாள். பழைய பள்ளிக்கூட ஷூவைப் பாலித்தீன் பையில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

ஜூனில் இருவரையும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஆறாவதிலும் இரண்டாவதிலும் சேர்த்தோம். சின்னவளுக்கு இரண்டு வாரம் போதுமாக இருந்தது. ஒருநாள் சாயங்காலம் வாசலில் நின்று, "அப்பா, நா வூட்டுக்கு வந்துக்கினே இருந்தனா, ஒரு பாம்பு ரோட்ல போய்க்கினு இருந்துச்சி" என்றாள். அவர் முகம் சுருங்கியது. "வீடு. வந்துகொண்டு. சரியாச் சொல்லு." பிள்ளை மண்ணில் வளர வேண்டும், மண்ணின் பேச்சு மட்டும் ஒட்டக் கூடாது.

வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டினார். அதில் வேலைக்கு வரும் பெண்கள் தூக்குவாளியை மாட்டினார்கள். வைஃபை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் என்றார். அவரே சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறி நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மீட்டிங் பேசினார். கீழே இறங்கியதும் முக்காலியில் போனை மாட்டி வீடியோ எடுப்பார். பிள்ளைகள் சேற்றில் நடப்பது, பிள்ளைகள் தண்ணீர் பாய்ச்சுவது. மூத்தவள் ஒவ்வொன்றிலும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பாள். 'இயற்கையில் ஆழ்ந்திருக்கிறாள்' என்று எழுதிப் போடுவார்.

ஆகஸ்டு வரை மூத்தவள் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் சாப்பாட்டு டப்பாவில் முட்டை வாடை அடித்தது. நான் முட்டை வைத்து அனுப்பவில்லை. கேட்டேன். பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் தயிர்சாதத்தைக் கொடுத்து அவளுடைய சத்துணவு முட்டையை வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் நிலத்துக்கு வேலைக்கு வருபவர். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. வீடு காலனியில். காலனி என்றால் என்ன என்று இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. மோட்டார் கொட்டகை வரை வருவாள், நின்றுகொள்வாள். மூத்தவள்தான் போவாள். இதை நான் முதல் நாளே பார்த்தேன். 'உள்ளே வா' என்று சொல்லவில்லை. பார்ப்பது, குறித்துக்கொள்வது, சும்மா இருப்பது. நான் பதினான்கு ஆண்டு பார்த்த வேலை அதுதான்.

அவர்கள் பேசுவது என் ஜன்னலுக்குக் கேட்கும்.

"ஏய், உங்க ஊர்ல ஆடே இல்லியாடி?"

"இருக்கே."

"எங்க?"

"பிரியாணில."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் மோட்டார் கொட்டகை மேலிருந்த காக்கை பறந்தது. என் மகள் சிரித்து ஐந்து மாதத்துக்குப் பிறகு கேட்டது அன்றுதான்.

அந்தப் பெண் எப்போதும் ஒரு கிடாவோடு வருவாள். முழுக் கறுப்பு, இடது காது நுனி அறுத்திருக்கும். சாமிக்கு நேர்ந்து விட்டதற்கு அடையாளம். இரண்டு வருடம் முன்னால் அவளுக்கு டெங்கு வந்து கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் கிடா வெட்டுவதாக அவள் அம்மா முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டார். பங்குனியில் வெட்டுவதாக இருந்தார்கள். "அது சாவத்தான் போவுது, ஆனா இப்ப என்னுது" என்று அவள் மூத்தவளிடம் விளக்கியதைக் கேட்டேன். அந்த வயதில் அவ்வளவு தெளிவாகப் பேசும் ஒருவரை என் அலுவலகத்தில் நான் பார்த்ததில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை மரவள்ளிக்கிழங்கு, ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு, பிடுங்கினார்கள். பன்னிரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். தண்டை வெட்டிக் கட்டு கட்டுவார்கள், கிழங்கைப் பிடுங்கி மூட்டை பிடிப்பார்கள், சாயங்காலம் ஜவ்வரிசி ஆலைக்கு லாரி போகும். இலையெல்லாம் வரப்பில் குவிந்து கிடக்கும். அன்றைக்கு ஊரில் எவரும் ஆட்டை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். மரவள்ளி இலையைப் பச்சையாக நிறையத் தின்றால் ஆடு செத்துப்போகும். இங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும், அதனால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

மூத்தவளின் தோழி அன்று கிடாவை எட்டத்தில், கருவேல மரத்தடியில் கட்டிவிட்டு, வேலை செய்பவர்களுக்குக் குடம் தூக்கிக்கொண்டு போனாள். மூத்தவள் கிடாவுக்குக் காவல். கணவர் முக்காலியோடு வந்தார்.

அடுத்து நடந்தது வீடியோவில் இருக்கிறது. நேரம் பதினொன்று இருபது.

"பாவம், அது பசியா பாக்குது பாரு. எவ்ளோ இலை வீணாப் போகுது, கொண்டுவந்து குடேன்மா."

"சாப்பிடுமாப்பா?"

"எது ஆகும், எது ஆகாதுன்னு மனுஷனை விட அதுக்கு நல்லாத் தெரியும். இயற்கை அப்படி."

அவள் கை நிறைய அள்ளி வந்தாள். மூன்று நடை. முதல் தடவையாகக் கேமராவுக்கு முகத்தைக் காட்டியிருந்தாள். கிடா அவள் கையிலிருந்தே தின்றது.

முதலில் பார்த்தவர் தோழியின் அம்மா. "ஐயோ பாப்பா, இன்னா குடுத்த!" என்ற சத்தம் வீட்டில் பக்கம் திருத்திக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது கிடா காலை விறைத்துக் கிடந்தது. வாயில் நுரை, வயிறு உப்பல். கால்நடை டாக்டரைத் தேடி ஒருவர் கச்சிராயபாளையத்துக்குப் பைக்கில் பறந்தார். பன்னிரண்டு ஐந்துக்கு மூச்சு நின்றது. டாக்டர் பன்னிரண்டே முக்காலுக்கு வந்து, ஊசிப் பெட்டியைத் திறக்காமல் திரும்பினார். தோழி அழவில்லை. கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, எடுத்துக்கொண்டு போனாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'கள்ளக்குறிச்சி அருகே மரவள்ளி இலை தின்ற ஆடுகள் சாவு.' இப்படி ஒரு செய்தி மேசைக்கு அவ்வப்போது வரும். நான் திருத்தியிருக்கிறேன். 'பரிதாப' என்ற சொல்லை எடுத்திருக்கிறேன், ஒற்றுப்பிழை பார்த்திருக்கிறேன், கீழே நாலு செண்டிமீட்டர் இடம் மிஞ்சினால் அதை எடுத்து அடைத்திருக்கிறேன். மரவள்ளி சூழ்ந்த வீட்டில் எட்டு மாதம் இருந்தும் அதை என் பிள்ளைகளிடம் சொல்லத் தோன்றவில்லை. கணவருக்காவது தெரியாது.

அவர் பர்ஸை எடுத்தார். பிறகு, இதைவிடப் பெரிய ஜாதி ஆடு, பண்ணையில் சொல்லி வரவழைக்கிறேன் என்றார். தோழியின் அம்மா தலையை ஆட்டினார்.

"வேணாம் சார். அது சாமிக்கு வுட்டது. வூட்ல வளத்தாதான் சாமிக்கு. வெளிய வாங்கியாந்து வெட்னா நாம துன்றதுக்குத்தான்."

"சரி, என்னதான் பண்ணட்டும்?"

"நீங்க ஒண்ணியும் பண்ண வேணாம் சார்."

தினமும் காலை ஆறு மணிக்கு எங்களுக்குப் பால் கொண்டுவருபவர் சித்தப்பாவின் மனைவி, என் சின்ன மாமியார். சொந்த மாட்டுப் பால், மூடி போட்ட தூக்கு, ஒரு பைசா வாங்கமாட்டார். மறுநாள் அவர் ஆறுதல் சொன்னார். "இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீறீங்க? ஒரு ஆடு. ரெண்டு நாளு கத்துவாளுங்க, அப்பறம் அவுளுங்களே வந்து நிப்பாளுங்க." அவருடைய அன்பு எப்போதும் இப்படித்தான் இருக்கும், சூடாக, நுரையோடு.

கணவர் மூன்று நாள் கழித்து 'எங்கள் அறுவடைத் திருவிழா' என்று ஒரு வீடியோ போட்டார். ஆடு வரும் இடத்தை வெட்டியிருந்தார். வெட்டு சுத்தமாக இருந்தது. நானே திருத்தியிருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் தோழி வேறு பெஞ்சுக்கு மாறினாள். மூத்தவளின் தயிர்சாதம் அப்படியே திரும்பி வந்தது. இனி பரீட்சைக்குக்கூடக் காத்திருக்கமாட்டாள், ஷூவை இறக்கிவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒரு வாரம் கழித்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு காலனிக்கு நடந்தாள். அங்கே நடந்ததைச் சின்னவள்தான் வந்து நடித்துக் காட்டினாள். மூத்தவள் வாசலில் நின்று, தோழியின் அம்மாவிடம், இன்னொரு கிடாவை நான் வளர்க்கிறேன் என்றிருக்கிறாள்.

"நீயா? தழ ஒடிக்கணும். புழுக்க வாரணும். மழ பேஞ்சா உள்ள கட்டணும். ஒரு நாளு வந்துட்டு மறுநாளு வரலன்னா ஆடு பட்னி கெடக்கும். முடியுமா உன்னால?"

"முடியும்."

"சாமிக்கு வெட்றதுக்குத்தான். அப்ப அழுவக் கூடாது."

"அழமாட்டேன்."

தோழி அதுவரை உள்ளேயே இருந்திருக்கிறாள். அங்கிருந்தபடியே, "குச்சிக்கெழங்கு தழயும் போடக் கூடாது" என்றாளாம். சின்னவள் அதை அதே குரலில் சொல்லிக் காட்டினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு தோழி மூத்தவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவர்கள் வீட்டிலிருந்த வெள்ளாடு முந்தின கார்த்திகையில் ஈன்ற கறுப்புக் குட்டி ஒன்று இருந்தது. அதற்குக் காது அறுத்தார்கள். ஆடியில் வெட்டுவது என்று முடிவானது. அது அவர்கள் வாசலில்தான் வளர வேண்டும், வேண்டிக்கொண்ட வீடு அது. ஆகவே காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் மூத்தவள் காலனிக்குப் போனாள். அகத்தித் தழை, வேப்பந்தழை, கொஞ்சம் கடலைக்கொடி. சனி, ஞாயிறு, காய்ச்சல் எதுவும் கணக்கில்லை. மாசி முடிவதற்குள் தோழி பழைய பெஞ்சுக்கு வந்துவிட்டாள். முட்டை வாடையும் வந்தது.

சின்ன மாமியார் தூக்கை வைக்கும்போது இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்றார். "பெரியவ இன்னிக்கும் அங்க கெளம்பறாளா? காலைல, சாயங்காலம் போய்க்கினு வந்துக்கினு கீறாளே. பொம்பளப் புள்ள. ஆட்டுக்குத் தழ போட்டா போட்டுட்டு வரட்டும், நா வாணாங்கல. அங்க கை நனைக்காம பாத்துக்கம்மா." அங்கே சாப்பிடாமல் பார்த்துக்கொள் என்று அர்த்தம். தலையாட்டியதாகவோ ஆட்டாததாகவோ அவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி ஒன்று செய்தேன்.

ஏப்ரலில் கணவரின் கம்பெனி எல்லாரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. அன்று சாயங்காலமே இந்த இடம் பிள்ளைகளுக்கு ஒத்துவரவில்லை என்று அவர் கண்டுபிடித்தார். "எல்லாரும் போயிடலாம். நீ கேட்டதுதானே? நான் கையெழுத்துப் போட்ட பேப்பர்கூட இருக்கே."

"ஆடி வரைக்கும் வரமாட்டேன்" என்றாள் மூத்தவள்.

"ஒரு ஆட்டுக்காகவா?"

"கிடா."

அவர் சிரித்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. முகத்தில் முக்காலி தெரிந்தது. "ஒண்ணு பண்ணலாம். வெட்டாம விட்டுடச் சொல்லலாம். நீ வளத்தது, நீயே காப்பாத்தின மாதிரி இருக்கும். நான் அவங்ககிட்டப் பேசறேன்."

"நீ பேசாதப்பா. நீ பேசித்தான் ஒண்ணு செத்துது."

அந்த வீட்டில் ஓராண்டில் சொல்லப்பட்ட சரியான வாக்கியம் அது ஒன்றுதான். திருத்த எதுவும் இல்லை. அவர் மே மாதம் தனியாகக் கிளம்பினார். பிள்ளைகளை மண்ணில் வளர்க்க வந்தவர் வளசரவாக்கத்தில் ஒரு அறையை மூன்று பேரோடு பங்கிட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி வருவார், ஞாயிறு திரும்புவார். வரும்போது பிள்ளைகளுக்கு பீட்சா வாங்கி வருவார். சின்னவள் அதைத் தோசைக்கல்லில் சூடு பண்ணி, "இன்னாப்பா, ரப்பர் மாதிரி கீது" என்பாள்.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை. முனீஸ்வரன் ஏரிக்கரையில், பனைமரத்தடியில் மூன்று கல். கூரை இல்லை. நானும் இரண்டு பிள்ளைகளும் காலை ஒன்பது ஐம்பதுக்குப் போனோம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவர் இரத்தம் பார்க்கமாட்டார்.

கிடாவுக்கு மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் பட்டதும் அது உடம்பை உதற வேண்டும். உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது. உதறாவிட்டால் வெட்டமாட்டார்கள், வேண்டுதல் அப்படியே நிற்கும். கயிறு மூத்தவள் கையில் இருந்தது. வளர்த்தவள் பிடிக்கட்டும் என்று தோழியின் அம்மாதான் கொடுத்தார்.

தண்ணீர் ஊற்றினார்கள். கிடா அசையவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். அது மாலையிலிருந்த ஒரு பூவைக் கடித்தது.

"தெரியாதவங்க கைல வளந்தது" என்றார் பின்னால் ஒரு பெண்.

"சும்மா இரு."

"இல்ல, மொதல்லியே ஒண்ண சாவடிச்சிட்டு..."

"இன்னா, சாமிக்கே நீதான் சொல்லித் தரியா? மூடு."

தோழியின் அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றார். தோழி மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் கிடாவை மட்டும் பார்த்தாள். மூன்றாவது சொம்பு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், எனக்கு வேறு எதையும் செய்யத் தெரியாது. பத்து பதினான்கு. பத்து பதினைந்து. ஈரமான காதில் ஒரு ஈ உட்கார்ந்தது. கிடா தலையிலிருந்து வால் வரை ஒரு உதறு உதறியது. தண்ணீர் என் மகள் முகத்தில் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஈயை நான்தான் பார்த்தேன், வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒரே வெட்டு. மூத்தவள் கண்ணை மூடவில்லை, அழவுமில்லை. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோழியிடம் கொடுத்தாள்.

மத்தியானம் காலனியில் தோழி வீட்டு வாசலில் பந்தி. சென்னையில் எலும்பு இருந்தால் தட்டைத் தள்ளிவிடும் பிள்ளை, தோழிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு முறை குழம்பு வாங்கினாள். சின்னவள் நல்லி எலும்பை உறிஞ்சினாள். நானும் உட்கார்ந்தேன். ரோட்டில் டிராக்டரில் போன சித்தப்பா எங்களைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பால் வரவில்லை.